பறியின் அடியில் கிடந்த இறால்

“…அடி வரைக்கும் கைய வுட்டுப் பாருங்க ஐயா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று பாக்கியம் சொன்னபோது, அறுப்புப் பண்டிகைப் பந்தலில் சபை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மேசை. மேசைமேல் அவர் கொண்டுவந்து வைத்த ஓலைப் பறி, இறால் பிடித்துப் போடுகிற கூடை. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் கட்டிக்கொண்டேன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருச்சபை ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கடலூர் முதுநகரில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். போன மாதம் இளம் ஆயர் ஒருவர் போன் செய்தார். “ஐயா, நீங்க முன்னாடி துறைமுகத்துல மீன் ஏலம் வுட்டவராமே! எங்க சபை அறுப்புப் பண்டிகைக்கு வந்து ஏலம் வுட்டுக் குடுங்களேன். இப்ப எல்லாம் வாட்ஸ்அப்புல போட்டோ போட்டு வெல கேக்கறாங்க, ஒரு கலகலப்பே இல்ல” என்றார். முடியாது தம்பி என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அதற்குமேல் போனில் வாய் வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டாரோ என்னவோ. அவருக்கும், அவர் வயதில் ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கும் இது என் பதில்.

கடலூர் துறைமுகத்தில் என் வேலை ஏலம் கூவுவது. விசைப்படகுகள் விடியற்காலையில் வந்து சேரும். மீனைக் கூடை கூடையாக இறக்கி, சிமெண்டுத் தரையில் கூறு கட்டிக் கொட்டுவார்கள். சுற்றி வியாபாரிகள், தலைச்சுமைக்காரப் பெண்கள், கம்பெனி ஏஜெண்டுகள். நடுவில் நான். வெறுங்கால், மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தொண்டைதான் சொத்து. நான் கூவினால் பழைய பாலம் வரைக்கும் கேட்கும் என்று மீன்காரப் பெண்கள் கேலி செய்வார்கள். “இந்தாளு பொண்டாட்டி பாவம்டி, வூட்டுல உப்பு கேட்டாக்கூட ஊருக்கே தெரியும்” என்பார்கள்.

என்னை வேலைக்கு வைத்திருந்த கமிஷன் மண்டி முதலாளி அதிகம் பேசாதவர். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒன்றே ஒன்று சொன்னார்: “மேல இருக்கறது மீனு. அடியில இருக்கறது நம்ம பேரு. மறந்துடாத.” அதற்கு அர்த்தம், ஒரு கூடை வந்தால் வாயைத் திறக்கும் முன் கையைத் திறக்க வேண்டும். முழங்கை வரை உள்ளே விட வேண்டும். அடியில் இருப்பதில் ஒரு பிடி அள்ளி மேலே கொண்டுவர வேண்டும். இறால் என்றால் தலையும் உடம்பும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் இன்றைய சரக்கு. தொளதொளவென்று தலை கழன்று வந்தாலோ, தலை கறுத்திருந்தாலோ பழசு. பிறகு மோந்து பார்க்க வேண்டும். பழசு கலந்திருந்தால் விலை சொல்வதற்கு முன்பே, எல்லோர் காதிலும் விழும்படி “அடியில நேத்து சரக்கு!” என்று கூவிவிட வேண்டும். வாங்குகிறவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால் நம் பேர் பிழைக்கும். படகுக்காரன் என் மச்சானாகவே இருந்தாலும் நான் அப்படித்தான் கூவினேன். இருபது வருஷத்துக்கு மேல் கூவிக் கூவி, கை கூடைக்குள் போவதும் வாய் திறப்பதும் ஒரே காரியமாகிவிட்டது. நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

நாற்பது வயதைத் தாண்டியபின் ஒரு நாள் அந்தத் தொண்டை நின்றுவிட்டது. கட்டி என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து, சில மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார். வாழ்நாளில் முதல் முறையாக மற்றவர்கள் பேசுவதை முழுசாகக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஜெபத்தில் என்னென்ன முணுமுணுக்கிறார் என்பதுகூடக் காதில் விழுந்தது. எத்தனை பேர் எத்தனை கஷ்டத்தோடு அங்கே வந்து முழங்கால் போடுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. குரல் திரும்பி வந்தபோது அதை மறுபடி மீனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஊழியத்துக்கு எனக்கு வந்த அழைப்பு அவ்வளவுதான். வானத்திலிருந்து வெளிச்சம் எதுவும் வரவில்லை. வீட்டம்மாவிடம் சொன்னேன். “சரி, போங்க. ஆனா பிரசங்கத்துல யாரையும் மூணு தரம் கூவி வித்துடாதீங்க” என்றாள்.

வேதாகமப் பள்ளிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். பரீட்சைகளில் தட்டுத்தடுமாறித் தேறினேன். பிறகு சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகிற வழியில் இருந்த சிறிய சபை ஒன்றுக்கு உபதேசியாராக அனுப்பினார்கள். உபதேசியார் என்றால் ஆயருக்குக் கீழே வேலை பழகுகிறவர். வேலை சரியாக இருக்கிறது என்று ஆயர் சொன்னால்தான் பேராயர் குருப்பட்டம் கொடுப்பார்.

என் ஆயர் சிதம்பரத்தில் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியய்யா என்பார்கள். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கிறவரை எதிரே இருக்கிறவர் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பாதிப் பேர் தாங்கள் சொல்ல வந்ததைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். முதல் ஞாயிறு என் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, “உபதேசியாரே, கடைசி வரிசையில இருக்கற ஆயா காதுல விழணும், முன்வரிசையில தூங்கற குழந்தை முழிச்சிக்கக் கூடாது. அந்த அளவுக்குப் பேசுங்க” என்றார். வீடு சந்திக்கப் போவதையும் அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினார். உட்காரச் சொல்லும் வரை உட்காரக் கூடாது. கொடுப்பதைக் குடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டக் கூடாது. ஜெபத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பேரையும் சொல்ல வேண்டும். அவர்கள் கண்ணை மூடும் முன் நாம் மூடக் கூடாது. “நம்ம ஜெபத்துல நாமளே மயங்கிப் போயிடுவோம். எதிரே இருக்கறவங்க அழறது தெரியாம போயிடும்” என்பார்.

அந்தச் சபையில்தான் பாக்கியம் இருந்தார். புருஷன் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். இவர் மட்டும், ஊர்க்கோடியில் ஓலை வீடு. காலையில் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். சபையில் அவரை யாரும் விரட்டவில்லை. பக்கத்திலும் உட்கார மாட்டார்கள். ‘புருஷன் விட்டவள்’ என்றும், ‘சேத்து நாத்தம்’ என்றும் பேச்சு உண்டு. கோயிலில் அவருடைய பாய்க்குச் சுற்றிலும் எப்போதும் ஒரு முழம் காலியாகவே இருக்கும்.

அறுப்புப் பண்டிகை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, அவரவர் விளைச்சலில் முதலாவதை எடுத்துக்கொண்டு வந்து ஆலயத்தில் படைப்பார்கள். நெல், கரும்பு, வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை. ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அங்கே நியாய விலை பார்க்கிறவன் கிடையாது. ஒரு முட்டை கோழி விலைக்குப் போகும். வாங்கியவரே மறுபடி காணிக்கையாகக் கொடுப்பார், அதே முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். யார் பேரில் பொருள் வந்ததோ அவர் பேரைச் சொல்லித்தான் கூவுவார்கள். அந்த நாளில் அந்தப் பேர் சபை நடுவில் கௌரவமாகக் கேட்கும்.

அந்த வருஷம் ஏலம் கூவ என்னைத்தான் நிறுத்தினார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பூசணிக்காயைத் தூக்கி, “நம்ம செயலாளர் மாமா வயித்தக் காணோம்னு தேடிட்டு இருந்தாங்களே, இந்தா கெடைச்சிடுச்சி!” என்றேன். பந்தலே சிரித்தது. செயலாளரே சிரித்துக்கொண்டு விலை ஏற்றினார். கோழி போயிற்று, வாழைத்தார் போயிற்று. பெரியய்யா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. துறைமுகத்தில் நின்ற மனிதன் முழுசாக எனக்குள் எழுந்து நின்றுவிட்டான். எனக்கு அது சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

அடுத்து மேசைக்கு வந்தது ஒரு ஓலைப் பறி. “பாக்கியம்” என்று செயலாளர் பேரைச் சொன்னார். பறி நிறைய இறால். மேலே இருந்ததெல்லாம் கண்ணாடி மாதிரி, மீசை ஆடிக்கொண்டு. பந்தலின் கடைசியில் பாக்கியம் எழுந்து நின்றார். சபையில் அவர் பேர் சொல்லி ஒரு பொருள் ஏலத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார்.

என் கை உள்ளே போய்விட்டது. முழங்கை வரை. அடியிலிருந்து ஒரு பிடி மேலே வந்தது. கட்டைவிரல் அழுத்தியது. தலை கழன்றது. மூக்குக்குக் கொண்டுபோனேன். வாய் திறந்துகொண்டது.

“அடியில நேத்து சரக்கு!”

துறைமுகத்துக் குரல். ஊர்க்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துப் பந்தல் முழுக்கச் சிரித்தது. பொருளாளர் எழுந்து, “ஏம்மா பாக்கியம், ஆண்டவருக்கே தண்ணி காட்டப் பாத்தியா?” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. பாக்கியம் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பந்தல் நடுவே நடந்து மேசைக்கு வந்தார். என் கையிலிருந்த அந்த ஒரு பிடி இறாலை என் விரல்களைப் பிரித்து எடுத்துப் பறியில் போட்டார். பறியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கையில் ஈரத்தோடு நான் நின்றேன். பெரியய்யா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, “அடுத்தது என்ன, எடுங்க” என்றார். அதற்கப்புறம் என்ன கூவினேன், எது யாருக்குப் போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்குப் போனதும் வீட்டம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். “மீன் நாத்தம் உங்கள வுட்டுப் போயிடுச்சின்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

மறுநாள் சிதம்பரத்துக்குப் போய்ப் பெரியய்யா முன்னால் நின்றேன். “ஐயா, இருந்ததைத்தான் சொன்னேன், பொய் சொல்லல” என்று தொடங்கினேன். என் அவமானம் முதலில் தேடிய வழி அதுதான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஆமா, பொய் சொல்லல. அதனாலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரல” என்றார். பிறகு, பட்டத்துக்கு என் பேரை அந்த வருஷம் பேராயருக்குச் சொல்லப் போவதில்லை என்றார். இதை எழுதும்போதும் குத்துவது எதுவென்றால், அந்த நிமிஷம் நான் பாக்கியத்தை நினைக்கவில்லை. முதுநகரில் என் கூட வேலை பார்த்தவர்கள் ‘என்னப்பா, பட்டம் வரலியாமே’ என்று கேட்பார்களே என்றுதான் நினைத்தேன்.

“நான் போய் அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்யா” என்றேன்.

“கேக்காதீங்க” என்றார். “கேட்டா, மன்னிக்கற வேலையையும் அந்தம்மா தலையில தூக்கி வைக்கிறீங்க. பந்தல்ல சொன்னது நீங்க. இனி அவங்க சொல்லட்டும், நீங்க கேளுங்க. வாரா வாரம் போங்க. உக்காரச் சொன்னா உக்காருங்க. இல்லன்னா நில்லுங்க.”

போனேன். பாக்கியம் வீட்டு வாசலில் பறிக் கயிற்றுக்கு நாரை முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கதவை அகலத் திறந்துவிட்டார்.

“வாங்க ஐயா. மோந்து பாத்துட்டே உள்ள வாங்க. எங்க வூடும் நேத்து வூடுதான்.”

நான் நின்றேன். அவர் நிறுத்தவில்லை.

“தெனம் பிடிக்கறதுல முதல் கை ஆண்டவருக்குன்னு எடுத்து வெச்சேன். நாலஞ்சு நாளு. ஐஸ் கம்பெனிக்காரன்கிட்ட கெஞ்சி ஐஸ் வாங்கிப் போட்டேன். விக்கறதுக்கு வெச்சது வேற, இது வேற. முதல் நாள் பிடிச்சது அடியில கெடக்கும், இன்னைக்குப் பிடிச்சது மேலதான் வுழும். வேற எங்க வுழும், சொல்லுங்க? நீங்க இருபது வருசம் மீன் பாத்தவருதானே!”

துறைமுகத்தில் அடியில் பழசு என்றால் மறைத்து வைத்த பழசு. வேறு விதமாக ஒரு கூடை நிறையும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன். சில வாரம் அவர் வீட்டில் இருக்க மாட்டார். வாய்க்கால் கரையில் நின்று பார்ப்பேன். தண்ணீருக்குமேல் தலையும், பல்லில் பறியும் மட்டும் தெரியும். என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல நகர்ந்து போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பாட்டைக் கேட்பார். முடிவு ஜெபத்துக்கு நான் கையைத் தூக்கும்போது திரும்பிப் போய்விடுவார். அந்த ஒவ்வொரு ஞாயிறும் என் கை பாதியில் கனத்தது.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஒரு நாள், வாசலில் கிடந்த பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் பலகை கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அவர் வேலையை அவர் பார்ப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வாய் இருந்தும் பேசாமல் இருப்பதை ஆஸ்பத்திரியில் கற்றவன்தான். இங்கே அது ஜாஸ்தி கஷ்டமாக இருந்தது. சபையில் பெண்களும் மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். “உபதேசியாரு என்ன, வாராவாரம் அங்கியே போறாரு?” பெரியய்யா அவர்கள் காதில் விழும்படி, “நான்தான் அனுப்பறேன். நீங்களும் கூடப் போயிட்டு வாங்க” என்றார். ஒருத்தியும் போகவில்லை.

ஒரே ஒரு தரம் அவராகப் பேசினார். முறுக்கிக்கொண்டிருந்த நாரிலிருந்து தலையைத் தூக்காமல், “அந்தச் சத்தம் எங்கேருந்து வருது? தொண்டையிலேருந்தா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. தொண்டையில கூவுனா ஒரு மாசத்துல போயிடும். வயித்துலேருந்து எடுக்கணும்.”

“ஓ” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான்.

வருஷம் திரும்பியது. அறுப்புப் பண்டிகை வந்தது. நான் ஏலம் கூவ மாட்டேன் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். பொருளாளருக்குக் கோபம். “ஏன்யா, ஒரு வார்த்தைக்குப் போயி! அந்தப் பொம்பளையே மறந்திருக்கும்” என்றார். கடைசியில் அவரே கூவினார். கொட்டாவி விடுகிற குரல். பந்தலில் பாதிப் பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள், முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மா மடியில் நன்றாகத் தூங்கியது. பொருள்களை வாங்கி மேசைமேல் வைக்கும் வேலையைப் பெரியய்யா எனக்குக் கொடுத்திருந்தார். “மேசையைவிட்டு நகராதீங்க” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஏலம் பாதி போயிருக்கும். பந்தல் வாசலில் பாக்கியம் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. பழைய சேலை, ஈரம் காயாத பாவாடை. வாய்க்காலிலிருந்து நேராக வந்திருக்கிறார். தலையில் பூ இல்லை. இடுப்பில் பறி. நடுவே நடந்து வந்து மேசைமேல் என் முன்னால் வைத்தார். மேலே இறால் துள்ளியது. பொருளாளர் கூவுவதை நிறுத்திவிட்டார். பேசிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். என் வலது கை என்னைக் கேட்காமல் அசைந்தது. அதை இடது கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எதுக்கு ஐயா கைய மறைக்கறீங்க? பாருங்க. அடி வரைக்கும் கைய வுட்டுப் பாருங்க ஐயா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

நான் தலையை ஆட்டினேன். மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது, பெரியய்யா சொன்னது ஞாபகம் வந்து விழுங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா, கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பட்டம் பிறகு கிடைத்தது, வேறு சபைகளுக்குப் போனேன், எத்தனையோ வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்ன என்று பாக்கியத்திடம் கேட்கும் தைரியம் மட்டும் வரவில்லை.

பாக்கியம் பறியை இரண்டு கையாலும் தூக்கினார். மேசைமேல் விரித்திருந்த வெள்ளைத் துணியில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்து துள்ளியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சபையின் பக்கம் திரும்பினார். மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, முன்வரிசைக் குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்து அழ, “பாக்கியத்தோட எறாலு! யாரு கேக்கறீங்க?” என்று கூவினார்.